மச்சான் கையில் கயிறு

தூத்துக்குடிக்காரர்களுக்குப் பனி என்றால் ஐஸ் கம்பெனியில் உடைத்து மீன் பெட்டிக்குள் கொட்டுவதுதான். அப்படிப்பட்ட ஊரில் நான்கு பேர் ஒரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பனிமலை ஏறிக்கொண்டிருந்தார்கள். கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் முஆத்தின் கம்ப்யூட்டர் சாமான் கடை. கடைக்கு மேலே மச்சு அறை. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, 'நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்வார், மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் ஏர்வாடிக்கு வண்டி பிடித்திருப்பான்.

விளையாட்டு என்னவோ எளிதானதுதான். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். காயல்பட்டினத்து முஆத் துபாயில் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கதை நடத்துவது அவன். கோடரி வைத்திருக்கும் குள்ளன், கன்டெய்னர் யார்டில் கணக்குப் பிள்ளையாக இருக்கும் நேசக்குமார். மந்திரவாதி, மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பானுப்ரியா. வில் எய்யும் காட்டுப்பெண், நேசக்குமாரின் தங்கை ரேச்சல். அவள் மற்றவர்களுக்குப் பிறகு சேர்ந்தவள். புருஷன் செல்வதுரை செத்து ஒரு மாதம் கழிந்ததும், வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை நேசக்குமார்தான் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முஆத் பனிமலை வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டான்.

"துபாய்ல எங்க ரூம்ல எகிப்துக்காரன் ஒருத்தன், ஃபிலிப்பினோ ஒருத்தன், மலையாளி ரெண்டு பேரு. ஒருத்தனும் சொந்த ஊரை வச்சு ஆட மாட்டான். கோட்டை, வாளு, டிராகன். உலகம் பூரா இதுக்குத்தான் ஆள் வாரான். எனக்குச் சலிச்சுட்டு. இன்னைலருந்து நம்ம கடல்."

"நம்ம கடல்ல என்னலே இருக்கு?" என்றான் நேசக்குமார். "கரிக் கப்பலும் உர மூட்டையும். அதை நான் தினம் பார்க்கேன்."

"முன்ன முத்து இருந்துச்சில்லா. அந்தக் காலத்துக்குப் போவோம்."

"பனிமலைக்கு என்ன குறைச்சல்? எல்லாருக்கும் பிடிச்சுத்தான இருக்கு?"

"ஏன் பிடிக்கு தெரியுமா அண்ணே?" என்றாள் ரேச்சல். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்கன நம்ம ஆளு யாரும் சாகல. அதான் எல்லாரும் அங்க போறாவ." அவளே நிமிர்ந்து, "பரவாயில்ல. கடலுக்கே போவோம். நான் முத்துக்குளிக்கிற ஆளு. பேரு செல்வதுரை" என்றாள்.

நேசக்குமார் முஆத்தைப் பார்த்தான். முஆத் பார்வையைத் திருப்பிக்கொண்டு, மூலையில் கிடந்த நைலான் கயிற்றுச் சுருளை எடுத்தான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நிலாவாரை இலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி. மூட்டையை மேலே தூக்குவதற்காக மச்சுத் தரையில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். பலகை போட்டு மூடியிருப்பார்கள். முஆத் பலகையை நகர்த்தினான். கீழே ஷட்டர் போட்ட கடை இருட்டாக இருந்தது. கயிற்றின் ஒரு முனையில் பழைய அம்மிக்குழவி ஒன்றைக் கட்டி உள்ளே இறக்கினான். குளிப்பவனைக் கடலடிக்குக் கொண்டுபோகிற கல்லாம் அது. மறுமுனையை நேசக்குமார் முன் நீட்டினான்.

"குளிக்கிறவன் கயிறு மச்சான் கையிலதான் இருக்கணும். அதான் அந்தக் காலத்து வழக்கம். கூடப்பிறந்தவ தாலி போகணும்னு எவனும் நினைக்க மாட்டாம்லா."

அது அந்தக் காலத்து வழக்கம் மட்டுமல்ல. ஒன்றேகால் வருடத்துக்கு முன்புவரை நேசக்குமாரின் பிழைப்பே அதுதான். கப்பலின் விசிறியில் வலை சிக்கினால் முங்கி அறுத்துவிடுவது செல்வதுரையின் வேலை. படகில் உட்கார்ந்து அவன் கயிற்றைப் பிடித்திருப்பது நேசக்குமாரின் வேலை. முங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். இரண்டு முறை இழுத்தால் 'தூக்கு' என்று அர்த்தம்.

அன்றைக்கு இரண்டு முறை இழுத்தது. நேசக்குமாரின் இடது கையில் கயிறு. வலது கையில் போன். போனில் இதே விளையாட்டு, குழுவில் எழுதி எழுதி ஆடிக்கொண்டிருந்தார்கள். பனிக்குகைக்குள் ஒரு கதவு. குள்ளன் திறக்க வேண்டிய முறை. மற்ற இருவரும் காத்திருந்தார்கள். இந்தக் கதவை மட்டும் திறந்துவிட்டு இழுக்கலாம் என்று நினைத்தான். திறந்தான். பிறகு இழுத்தான். கயிறு வரவில்லை. சுக்கானில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளை வெளியே எடுத்தபோது சிலிண்டரில் காற்று தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது.

'கயிறு ஒரு தடவைகூட அசையவில்லை' என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ரேச்சலுக்கும் அதையேதான் சொன்னான். குழுவில் எழுதியதைத் தன் போனிலிருந்து அழித்தான். எல்லோர் போனிலிருந்தும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது. முஆத்தும் பானுப்ரியாவும் அதைக் கவனித்தார்களா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பிறகு சேர்ந்த ரேச்சலின் போனுக்குப் பழைய செய்திகள் வரவும் இல்லை.

கயிற்றை வாங்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டான்.

பானுப்ரியாவுக்குக் கிடைத்த பாத்திரம் கடல்கட்டி. அந்தக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ஒரு ஆள் உண்டாம். அவன் வந்து கட்டினால்தான் குளிக்கிறவர்கள் தண்ணீரில் கால் வைப்பார்களாம். வெள்ளைக்காரக் கவர்மெண்டே அவனை வேலைக்கு வைத்திருந்தது என்று முஆத் எங்கேயோ படித்திருந்தான். ஒரு பித்தளைச் சட்டியில் தண்ணீர், அதில் வெள்ளியில் ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. இவர்கள் சாக்லேட் தாளில் வெட்டிப் போட்டார்கள். கறுப்பு நூலில் ஏழு முடிச்சு போடுவது மட்டும் முஆத்தின் சொந்தச் சரக்கு.

"காலையில கட்டணும். சாயங்காலம் கடைசி ஆளும் கரையேறினப் பொறவு அவுக்கணும். அது ரொம்ப முக்கியம்" என்றான் முஆத்.

"அவுக்காம விட்டா?"

"ராத்திரி திருடன் இறங்கி சிப்பியை அள்ளிட்டுப் போயிருவான். சுறா இருக்குங்கிற பயம் வேணும்லா. ஆள் உள்ள இருக்கையில அவுத்தா, அவனைச் சுறா கொண்டுபோயிரும்."

பானுப்ரியா சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள். "சுறா வாயைக் கட்டுதேன். திருக்கை வாயைக் கட்டுதேன். வாயுள்ள எல்லாத்தையும் கட்டுதேன்." கடைசி வரி முஆத் எழுதிக் கொடுத்ததில்லை. ஓர் எடுப்புக்காக அவளே சேர்த்துக்கொண்டது.

ரேச்சல் கண்ணை மூடி முங்கினாள். "பத்து பாகம் ஆழம். காது அடைக்கி. கல்லை விட்டுட்டேன். அடியில மணல் இல்ல. பெரிய இரும்பு மாதிரி ஒண்ணு தலைக்கு மேல நிக்கி" என்றாள். முத்துக்குளித்த காலத்தில் தலைக்கு மேல் இரும்பு எப்படி வரும் என்று முஆத் திருத்தவில்லை. அவள் குரல் தணிந்து, செல்வதுரை பேசுவதைப் போல வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுந்தது. "மூச்சு முட்டுது. ரெண்டு தடவை இழுக்கேன்."

நேசக்குமார் கையில் கயிறு இழுத்தது. ஒன்று. இரண்டு.

ரேச்சலின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. முஆத் பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். கீழே கடை பூட்டிக் கிடந்தது. நேசக்குமார் வாயைத் திறப்பதற்குள் பானுப்ரியாவின் போன் அடித்தது. அவள் மகன் பக்கத்து வீட்டு மதிலிலிருந்து விழுந்துவிட்டானாம். நூலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். அஸர் தொழுகைக்குப் பாங்கும் கேட்டது.

"நல்ல இடத்துலதான் நிக்கி" என்று எழுந்தான் முஆத். கதையை உச்சத்தில் நிறுத்தி எல்லோரையும் ஒரு வாரம் தவிக்கவிடுவதில் அவனுக்கு எப்போதுமே ஒரு பெருமை உண்டு. "மீதி அடுத்த வாரம்."

முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பானுப்ரியாவின் மகனுக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். மறுநாள் திங்கட்கிழமை யார்டில் நல்ல வெயில். கன்டெய்னர் நிழலில் நாய்கள் வழக்கம்போலப் படுத்திருந்தன. நேசக்குமார் அவற்றைக் கடந்து போய், திரும்பி வந்து பார்த்தான். அந்த வெயிலில் ஒரு நாயாவது நாக்கைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். ஏழெட்டு நாய்களும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு விலா மட்டும் ஏறி இறங்கக் கிடந்தன. லாரி வந்தபோது எழுந்து நின்றன. குரைக்கவில்லை.

அவனோடு வேலை பார்க்கும் சிவனாண்டி தூண்டில் பைத்தியம். ஷிப்ட் முடிந்தால் அலைத்தடுப்புக் கல்லில்தான் கிடப்பார். செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

"என்னத்தன்னு சொல்ல? மீனு கூட்டமா வருது. இரையை மூக்கால முட்டுது. வாயைத் திறக்க மாட்டேங்கு. வலைக்காரன் கொண்டாந்த மீனையும் பாத்தேன். அவ்வளவும் பல்லைக் கடிச்சிக்கிட்டுச் செத்திருக்கு. இருபத்தஞ்சு வருசத்துல இப்படிப் பாத்ததில்லப்பா."

நேசக்குமார் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான். காலையில் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, வலது கை பேனாவைப் பிடித்திருக்க, சும்மா இருந்த இடது உள்ளங்கையில் இரண்டு முறை இழுத்திருந்தது. திங்கட்கிழமையும் அதே நேரம். அவன் கடிகாரத்தைப் பார்க்கவே தேவையில்லை. அந்தக் கதவை அவன் திறந்த நேரம் அது.

வியாழக்கிழமை பிரையண்ட் நகரில் ரேச்சல் வீட்டுக்குப் போனான். சமையல் வாசம் வாசலிலேயே வந்தது. ஊளி மீன் குழம்பு, செல்வதுரைக்குப் பிடித்தது. ரேச்சல் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு மலர்ச்சி. கல்யாணமான புதிதில் இப்படி இருந்தாள்.

"சாப்பிட்டியாளா?" என்று கேட்டான்.

"அவிய கீழ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காவ. நான் எப்படிண்ணே வாயைத் திறந்து சாப்பிட? ஞாயித்துக்கிழமை மேல வந்துருவாவ. சேர்ந்து சாப்பிடுதோம்."

"ரேச்சல், அது விளையாட்டு."

"தெரியும்." அவள் சிரித்தாள். உதடு பிரியாமல் சிரித்தாள்.

அப்போதுதான் அவன் அவள் நெஞ்சைக் கவனித்தான். அது அசையவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் பாதி வந்தபோதுதான் ஒரு முறை ஏறி இறங்கியது.

"மூச்சு விடுளா!"

"விடுதேன். அவிய விடும்போது விடுதேன்."

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். நான் இழுக்கவில்லை ரேச்சல், அவன் கூப்பிட்டான், நான் போனில் இருந்தேன். மனதுக்குள் வரிசையாக வந்து நின்றது. வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. மேல் தாடையும் கீழ்த் தாடையும் கட்டிப்போட்டாற்போல நின்றன. 'தண்ணி குடு' என்று கேட்க நினைத்தான். உடனே திறந்தது, கேட்டான். மறுபடி அதைச் சொல்லப் பார்த்தான். மூடிக்கொண்டது. இத்தனை நாள் பயத்தில் சொல்லாமல் இருந்தவன், சொல்லத் துணிந்த அன்றைக்குச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான். அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை நேசக்குமார் சொல்லி, பானுப்ரியா மெடிக்கலிலிருந்து விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எடுத்து வந்து ரேச்சலுக்கு மாட்டிப் பார்த்தாள். எண்பத்தொன்று காட்டியது. தன் விரலில் மாட்டினாள், தொண்ணூற்றெட்டு. மறுபடி ரேச்சல் விரலில் மாட்டினாள், எழுபத்தொன்பது. ஆஸ்பத்திரி என்றதும் ரேச்சல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். பானுப்ரியா வாசலுக்கு வந்து நேசக்குமாருக்குக் கைப்பையைத் திறந்து காட்டினாள். கறுப்பு நூலும் ஏழு முடிச்சும் அப்படியே இருந்தன. நூல் ஈரமாக இருந்தது.

"ஞாயிறு வரைக்கும் தாங்காதுண்ணே" என்றாள். "நாளைக்கே முஆத் அண்ணன்கிட்ட போயிருவோம்."

சனிக்கிழமை மதியம் முஆத் கடை ஷட்டரை உள்பக்கமாக இறக்கிப் பூட்டினான். நால்வரும் மச்சில் உட்கார்ந்தார்கள். ரேச்சலைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்ற முடிந்தது. உதடு நாவல் பழம் தின்றதுபோல இருந்தது. சட்டியில் சாக்லேட் தாள் மீன்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மிதந்தன. கயிறு ஒரு வாரமாக அதே ஓட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் தலையில் படாமல் இருக்கக் குழவியைத் தரையில் படும்படி தளர்த்திவிட்டிருந்தான் முஆத். மற்றபடி அதை எடுக்க ஏனோ அவனுக்கு மனம் வரவில்லையாம்.

"முதல்ல ஆளு மேல வரணும். பொறவுதான் முடிச்சு. மாத்திச் செஞ்சிரக் கூடாது" என்றான். பகடையை எடுத்தான்.

"பகடை வேண்டாம்ணே" என்றாள் ரேச்சல். "கயிறு அண்ணன் கையிலல்லா இருக்கு."

நேசக்குமார் இழுத்தான். ஐந்து கிலோ குழவி. வரவில்லை. எழுந்து காலை ஊன்றி இழுத்தான். முஆத்தும் சேர்ந்து இழுத்தான். கயிறு விறைத்து முறுகியது, ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. முஆத் கயிற்றை விட்டுவிட்டு டார்ச்சோடு கீழே ஓடினான். அவன் குரல் ஓட்டை வழியாக வந்தது.

"இங்கன ஒண்ணுமே பிடிக்கலலே! கல்லு தரையில சும்மா கிடக்கு. தரை காஞ்சு கிடக்கு. கயிறு தொளதொளன்னு கிடக்கு!"

மேலே அது இரும்புக் கம்பிபோல விறைத்திருந்தது. அந்தச் சிக்கிய கனம் நேசக்குமாரின் கைக்குப் பழக்கமானது. சுக்கானில் சுற்றிய கயிறு இப்படித்தான் இருந்தது.

"ரெண்டு தடவை இழுத்தேன்லா மச்சான்" என்றாள் ரேச்சல். கண் மூடியிருந்தது. "ஏன் தூக்கல?"

ரேச்சல் அவனை ஒரு நாளும் மச்சான் என்று கூப்பிட மாட்டாள். பானுப்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நேசக்குமார் வாயைத் திறக்கப் போராடினான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர உதடு பிரியவில்லை. முடிச்சை அவிழ்த்தால் வாய் திறக்கலாம். ஆனால் ஆள் உள்ளே இருக்கிறான். ரேச்சலின் நெஞ்சு நின்று எவ்வளவு நேரமாகிறது என்று தெரியவில்லை.

முஆத் மேலேறி வந்து நின்றான். நேசக்குமார் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினான். முஆத்தின் சட்டைப் பையைக் காட்டினான். போனை.

என்ன வேண்டும் என்று முஆத் கேட்கவில்லை. எதைத் தேட வேண்டும் என்றும் கேட்கவில்லை. இரண்டு முறை தொட்டான், அவ்வளவுதான். அந்தச் செய்தியை நட்சத்திரம் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். பானுப்ரியா எட்டிப் பார்க்கவும் இல்லை. அவள் தலை ஏற்கெனவே குனிந்திருந்தது. இருவருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது நேசக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் தெரிந்தே, இவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வருடம் பனிமலையில் டிராகனைத் தேடியிருக்கிறார்கள். கடல் இல்லாத இடம் என்பதால் அங்கேயே சுற்றியிருக்கிறார்கள்.

போனை ரேச்சல் மடியில் வைத்தான். அவள் கண்ணைத் திறந்து வாசித்தாள். நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. அனுப்பியவன் நேசக்குமார்.

'இருங்க, மச்சான் கயித்தை இழுக்கான். இந்தக் கதவை மட்டும் திறந்துட்டு வாரேன்.'

அவள் அதைப் பல முறை வாசித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள், முஆத்தைப் பார்த்தாள், பானுப்ரியாவைப் பார்த்தாள். கத்துவாள், அறைவாள் என்று நேசக்குமார் காத்திருந்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதவு திறந்துச்சா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

ஒன்றும் இல்லை. வெறும் அறை. முஆத் அப்படித்தான் எழுதியிருந்தான். நேசக்குமார் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"சரி" என்றாள் ரேச்சல். "இப்ப இழு."

இழுத்தான். கயிறு வந்தது. கனமே இல்லாமல், கைக்குக் கை, வேகமாக வந்தது. கடைசி இரண்டு பாகம் ஈரமாக, உப்பும் பாசியும் நாற வந்தது. முனையில் குழவி இல்லை. அறுந்த முனையும் இல்லை. முஆத் போட்டிருந்த முடிச்சை யாரோ பொறுமையாகக் கையால் அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

ரேச்சல் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இன்னொரு முறை இழுத்தாள். உதட்டுக்கு நிறம் வந்தது.

"கரையேறிட்டாவ" என்றாள். "பானு, நீ அவுத்துரு."

பானுப்ரியா ஏழு முடிச்சையும் அவிழ்த்தாள். ஏழாவது முடிச்சு அவிழ்ந்ததும் சந்தில் நாய் குரைத்தது. அடுத்த தெருவில் இன்னொன்று, அதற்கப்பால் பத்து. ஊரிலுள்ள காக்கை எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. நேசக்குமாரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ரேச்சல், நான், அவன் கூப்பிட்டான்ளா, எனக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சும்..." என்று ஓலமிட்டபடி அவள் காலருகே விழுந்தான்.

அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்ணே. நான் வாசிச்சுட்டேன். உன் வாய்தான் திறந்துட்டுல்லா? ஸ்டேஷன்ல போயிச் சொல்லு. கயிறு அசையவே இல்லன்னு எழுதிக் குடுத்தியே, அதை மாத்தி எழுதிக் குடு. இன்னைக்கே." முஆத்தைப் பார்த்தாள். "நீங்களும் போங்க, அந்தப் போனைக் கொண்டுக்கிட்டு. பானு, உன் சாப்பாட்டு டப்பால என்ன இருக்கு?"

"புளிச்சாதமும் முட்டையும்."

"வச்சுட்டு நீயும் கீழ போ."

முஆத்தும் பானுப்ரியாவும் முன்னால் இறங்கினார்கள். நேசக்குமார் எழுந்து முகத்தைத் துடைத்தான். ரேச்சல் டப்பாவைத் திறந்து, சாதத்தில் பாதியை மூடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முட்டையையும் இரண்டாகப் பிட்டாள். பசி போல, இரண்டு தடவையாகச் சாப்பிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு படியில் காலை வைத்தான். கால் வழுக்கியது.

படி ஈரமாக இருந்தது. முஆத்தும் பானுப்ரியாவும் கீழே நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானுப்ரியா கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கடைத் தரையில் குழவியைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அங்கிருந்து படிக்கட்டு வரைக்கும், பிறகு படிக்குப் படி, வெறுங்காலின் தடம். நேசக்குமார் ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே இறங்கினான். எல்லாத் தடத்திலும் விரல்கள் மேல்பக்கம் பார்த்திருந்தன. இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

மேலேயிருந்து ரேச்சலின் குரல் கேட்டது. யாரையோ செல்லமாக அதட்டுகிற குரல்.

"மெள்ளச் சாப்பிடுங்க. யாரும் விரட்டல."

முஆத் ஷட்டரைத் தூக்கினான். வெயில் உள்ளே விழுந்தது. நேசக்குமார் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தான்.